தேனீ கலைந்த நாளுக்குப் பிறகு

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரோடு சைக்கிளில் கிளம்பினால் போகவேண்டிய இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது. வழியில் எதைப் பார்த்தாலும் பிரேக்கைப் பிடித்துவிடுவார். நான் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பேன். இறங்கச் சொல்லி மெதுவாக முதுகுப் பக்கமாகக் கையை அசைப்பார். இறங்கிப் பார்த்தால் கள்ளிச் செடியில் ஒரு ஒடக்கான் உட்கார்ந்திருக்கும். ஓணானை எங்கள் பக்கம் ஒடக்கான் என்றுதான் சொல்வோம்.

அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருந்தார். எங்கள் ஊர் அங்கிருந்து மேற்கே, திருச்செங்கோடு போகிற பக்கம். கொஞ்சம் நிலம் இருந்தது. அதை அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டார். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே படம் போடுவதில்தான் பித்து. லாரியின் பின்கதவில் மயில், தாமரை, கன்றுக்குட்டியோடு பசு என்று வரைவது இவர் வேலை. காலையில் சைக்கிளில் போனால் சாயங்காலம் பொழுதோடதான் வருவார். ஞாயிற்றுக்கிழமையானால் என்னை ஏற்றிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். பெரும்பாலும் போக ஒரு காரணமும் இருக்காது. ஊரில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சினிமாவுக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், இவர்கள் ஒடக்கான் பார்க்கப் போகிறார்கள் என்று என் நங்கையாவே, அதாவது அவருடைய அண்ணன் மனைவியே, கிண்டல் செய்வார்.

எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. என் பிறந்த வீட்டில் பாம்பு என்றால் தடியைத் தூக்குவார்கள். இவர் பாதையில் பாம்பு குறுக்கே போனால் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு அது போகும்வரை நிற்பார். போன பிறகு மண்ணில் அது விட்டுப்போன தடத்தைப் பார்த்து, இது சாரை, இது விரியன் என்று சொல்வார். மழை பெய்து விட்ட மறுநாள் செம்மண்ணில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சி, சாணியை உருண்டை பிடித்துப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகும் வண்டு, கருவேலங்கிளையில் குச்சியோடு குச்சியாக ஒட்டியிருக்கும் பூச்சி என்று எதையும் விடமாட்டார். எங்கள் பக்கத்து மேட்டுக்காட்டில் ஒருவகை ஒடக்கான் உண்டு. அது மண் நிறத்தில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் கல்மேல் ஏறி நின்று தொண்டையை விசிறி மாதிரி விரிக்கும். நீலம், கருப்பு, சிவப்பு மூன்றும் ஒரு நொடி தெரிந்து மறையும். அந்த நீலம் எந்த டப்பாவிலும் வராது என்று அவர் வருத்தப்படுவார். ஒருமுறை அதை ஒரு லாரியின் பின்கதவில் வரைந்துவிட்டார். லாரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒடக்கானை மாட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போனால் சிரிக்கமாட்டார்களா என்று சத்தம் போட்டார். அதை அழித்து மயில் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்படிப்பட்ட ஆளோடுதான் எனக்கு வாழ்க்கை அமைந்தது என்று நான் சந்தோஷப்பட்ட நாட்கள் அவை. பெண் பிறந்தாள். அவளுக்குக் கழுத்து நின்று உட்காரப் பழகியதும் சைக்கிளின் முன் கம்பியில் துண்டைச் சுற்றி அதில் உட்கார வைத்துக்கொண்டார். ஏறினதும் பாட்டுப் பாட ஆரம்பித்துவிடுவாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், என் பிறந்த ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கிளம்பினோம். ஊர் பரமத்திக்குப் பக்கம். அவளுக்கு அப்போது நாலு வயது. வழியில் ஒரு ஏரிக்கரையை ஒட்டிப் பெரிய ஆலமரம் நின்றது. அதன் உயரக் கிளைகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். பலகை பலகையாகத் தொங்கும். அந்த இடம் வந்தால் மூன்று பேரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து போவோம். அன்றைக்கும் அப்படி இறங்கித்தான் போனோம். மரத்தைத் தாண்டியதும் வெயில் அதிகமாக இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். ஒரு பருந்து கூட்டில் போய் அடித்ததாம். இதை அங்கே கடலைக்காட்டில் வேலை செய்தவர்கள் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். எனக்குக் கேட்டதெல்லாம் மேலேயிருந்து யாரோ மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

முதல் கொட்டு என் பிடரியில் விழுந்தது. அடுத்து அவர் கையை உதறினார். சைக்கிள் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. விழும்போது நான் முன்னால் எட்டிக் குழந்தையைப் பிடித்துவிட்டேன். அவள் என் மடியோடு வந்துவிட்டாள். என் வலதுகால் சைக்கிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சேலையின் கீழ்க்கரை பின்சக்கரக் கம்பிகளில் போய்ச் சுற்றிக்கொண்டது. எழ முடியவில்லை. நான் அவரைப் பார்த்துக் கையை நீட்டினேன். கூப்பிட்டேனா என்று நினைவில்லை.

அவர் ஓடினார்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காட்டுக்குள் இறங்கி, வரப்பையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினார். நீலக் கோடு போட்ட சட்டை. நோம்பிக்கென்று எடுத்தது. அந்த முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் முந்தானையை உருவிக் குழந்தையைச் சுற்றினேன். அவள்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். பிறகு கண்ணைத் திறக்க முடியவில்லை. காதுக்குள், முடிக்குள், ரவிக்கைக்குள் எல்லாம் தேனீ. வலி ஒரு கட்டத்துக்கு மேல் வலியாக இல்லை, தீயில் கிடப்பதுபோலச் சூடாக மட்டும் இருந்தது. அடியில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கேட்டவரைக்கும் நிம்மதி.

புகை வாசம் வந்தது. சோளத்தட்டை எரித்துக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று புரிந்தது. நனைந்த சாக்கை என்மேல் போட்டார்கள். யாரோ சேலையைக் கிழித்துக் காலை எடுத்தார்கள். வழியில் வந்த ஒரு கல் லாரியில் ஏற்றி நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதெல்லாம் விட்டுவிட்டுத்தான் நினைவிருக்கிறது.

குழந்தைக்குக் காலில் மட்டும் சில கொட்டு. இரண்டு நாளில் எழுந்து ஓடினாள். எனக்கு முகம் முகமாகவே இல்லை என்று என் அம்மா சொல்லி அழுதார். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. உதடு தடித்து நாக்கு வெளியே வந்துவிட்டது. ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். நர்சம்மா ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கொடுக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில் நான் கிடக்கும்போதுதான் என் மாமியார் வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் நின்றிருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. என்ன நடந்தது என்று மாமியார் கேட்டார். என் வீட்டுக்காரர், நான் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தேன், இல்லையென்றால் இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்றார். என் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் பெண்ணையும் பேத்தியையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டீர்களே மாப்பிள்ளை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வாயைத் திறக்க முடியாத நேரம். திறக்க முடிந்தபோது அது ஊர் முழுக்கத் தெரிந்த கதையாகிவிட்டிருந்தது.

நானும் ஒருவேளை அப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் ஓடியது ஆள் கூட்டிவரத்தான் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். அந்த ஏரிக்கரைக் காட்டுக்காரர். கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தவர். சோளத்தட்டைக் கொளுத்திக்கொண்டு முதலில் ஓடிவந்ததும் அவர்தான். ஒரு சொம்பில் இளநீர் கொண்டுவந்திருந்தார். அவர் யாரையும் குறை சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்லி என்னைத் தேற்றத்தான் வந்தார்.

"உன்ற ஊட்டுக்காரரு பாவம் கண்ணு, அரண்டு போயிட்டாரு. மோட்டாருத் தொட்டிக்குள்ள உழுந்து தலைய முக்கிட்டுக் கெடந்தாரு. என்னாச்சுங்கன்னு கேட்டா பேச்சே வல்ல. அப்பறம் மரத்துப் பக்கம் பாத்துத்தான் நாங்களே ஓடியாந்தோம்" என்றார்.

நான் இளநீரைக் குடித்தேன். அவருக்குக் கும்பிடு போட்டேன். என் வீட்டுக்காரர் அப்போது மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தார். அந்த அம்மா வந்துபோனதை மட்டும் அவரிடம் சொன்னேன்.  தலையணையைச் சரி செய்துவிட்டுப் போனார்.

எனக்கு இடதுகண் பார்வை மங்கிவிட்டது. கண்ணுக்குள்ளேயே கொட்டியிருந்தது என்றார்கள். இன்றுவரைக்கும் அந்தக் கண்ணில் எல்லாம் பனி மூட்டத்தில் தெரிகிற மாதிரிதான். மற்றபடி உடம்பு தேறிவிட்டது.

ஓடியதற்காக எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கோபம் என்று சொல்ல முடியாது. உயிர்ப்பயம் யாருக்கும் உண்டு. ஆனால் அந்த முதுகு எனக்கு மறக்கவில்லை. தீபாவளிக்கு அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்த முதுகில் கை வைக்கச் சங்கடமாக இருக்கும். அவருக்கும் அது தெரிந்திருக்கும் போல. இரண்டொரு வருஷத்தில் தானே தேய்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

நான் வீடு திரும்பிய பிறகு அவர் முதலில் மாட்டுக் கொட்டாயிலிருந்த குளவிக் கூட்டைக் கொளுத்தினார். இரண்டு வருஷமாக அங்கேயே இருந்த கூடு. அதை யாரும் தொடக்கூடாது என்று சொன்னவரே அவர்தான். நீளமான கம்பில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திப் பிடித்தார். குளவிகள் எரிந்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். குழந்தை வளர்கிற வீடு, இது நல்ல காரியம் என்று என் மாமியார் சொன்னார். நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் சைக்கிளின் கம்பியோடு சேர்த்து ஒரு மூங்கில் தடியைக் கட்டியிருப்பதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். வழியில் நாய்த் தொல்லை என்றார். நாய்க்கு அந்தத் தடி பயன்பட்டதாக எனக்குத் தெரியாது. பட்டறைக்குப் போகும்போதும் வரும்போதும் பாதையில் எது குறுக்கே வந்தாலும் இறங்கி அடித்தார். சாரையானாலும் விடமாட்டார், பச்சைப்பாம்பானாலும் விடமாட்டார். ஒருமுறை நான் கேரியரில் இருக்கும்போது ரோட்டில் ஒரு ஒடக்கான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் ஹேண்டில்பாரைத் திருப்பி அதன்மேல் ஏற்றினார். சக்கரத்துக்கடியில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்குவது எனக்கு உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.  வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

பட்டறையிலும் அவர் படம் போடுவதை விட்டுவிட்டார். நம்பர், முதலாளி பேர், ஒலி எழுப்பவும் என்பது மாதிரி எழுத்து வேலை மட்டும் செய்தார். கேட்டதற்குக் கை நடுங்குகிறது என்று சொன்னாராம். எழுத்து எழுதும்போது அந்தக் கை நடுங்கியதாக யாரும் சொல்லவில்லை.

ஊரில் அவருக்கு நல்ல பேர் கிடைத்தது. யார் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் ஆள் விட்டுவிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு ஓடுவார். தானியக் குதிருக்கு அடியில் கையை விடுவார், விறகைப் புரட்டுவார். அந்தத் துணிச்சலைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் ஒரு நல்லபாம்பு வந்துவிட்டது என்று வந்து அழைத்தார்கள். போய் அடித்துப் போட்டார். அப்போது என் மகள் இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த வரத்தைப் பார்க்க வேண்டும். எங்கப்பாவுக்கு எதைக் கண்டாலும் பயமில்லை என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். தேனீ கதையையும் சொன்னாளாம். எங்கப்பா ஓடிப்போய் ஆள் கூட்டிவந்துதான் எங்கம்மா பிழைத்தாள் என்று. என்னிடம் வந்து, ஆமாம்தானேம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் என் கண்ணைப் பார்த்து யாராவது கேட்பார்கள். அவரே அந்தக் கதையைச் சொல்லுவார். முன்பு சுருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வரவர அதில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வரப்பில் விழுந்து எழுந்தது, சோளத்தட்டுக் கத்தையைத் தானே கொளுத்தியது என்று. சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார். முடிக்கும்போது மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். நான் இலையில் கண்ணை வைத்துக்கொள்வேன்.

இப்படியே நாலைந்து வருஷம் போனது.

ஒரு ஐப்பசி மாதம் என் தம்பி மகனுக்குக் காதுகுத்து. மகளுக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. முன்கம்பியில் உட்காரும் வயதெல்லாம் தாண்டிவிட்டாள். ஆனாலும் அவளுக்கு அங்கே உட்காரத்தான் பிடிக்கும். அங்கேயும் அந்தக் கதையைச் சொன்னார். சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். முதல்நாள் மழை பெய்திருந்தது. மண்பாதையில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குட்டையில் கால் நனைத்து வருகிறேன் என்று பின்தங்கிவிட்டாள்.

ஒரு பெரிய சாரை பாதையின் குறுக்கே போனது. வயிறு நிறைய எதையோ தின்றிருந்தது. மெதுவாகத்தான் போனது. அவர் சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டுத் தடியை உருவினார்.

அது அதுபாட்டுக்குப் போகட்டும் என்று நான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. பாம்பின் தலை வேலிக்குள் நுழைந்துவிட்டது. பாதி உடம்பு வெளியே இருந்தது. அவர் வாலைப் பிடித்து இழுத்தார். கிளுவைக் குச்சிகளுக்கு நடுவே அது உடம்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க உடம்பு நீண்டது. அவர் வாலை விட்டுவிட்டு வெளியே இருந்த பாதியின்மேல் அடிக்க ஆரம்பித்தார். நாலைந்து அடியிலேயே எலும்பு உடைந்துவிட்டது. அப்புறமும் அடித்தார். சேறு தெறித்து அவர் வேட்டி, முகம் எல்லாம் புள்ளியாக இருந்தது. வேலிக்குள் தலை இருக்கும் பக்கம் இலைகள் ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு உயிர் இருந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். பயத்தில் அழப்போகிற குழந்தையின் முகம் அது.

சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் போய்த் தடியைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும் உடுங்க. நீங்க ஓடுனது எனக்குத் தெரியுமுங்க. தொட்டிக்குள்ள கெடந்ததும் தெரியும். அன்னிக்கே தெரியும். நானு அதுக்குக் கோவிச்சுக்கலீங்க. இதுகளை அடிக்காதீங்க" என்றேன்.

அவர் தடியை இழுக்கவில்லை. விடவும் இல்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மூச்சு வாங்கியது அவருக்கு. மூச்சு அடங்கியதும், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"வாய் வீங்கிக் கெடந்துதுங்களே" என்றேன்.

குத்திக்காட்ட வேண்டும் என்று நான் அதைச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் அது அவரைப் போய்த் தாக்கியது. தடியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அப்போதுதான் அவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். திரும்பினேன். மகள் நின்றிருந்தாள். ஒரு கையில் செருப்பு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

பாதை நல்லதாக ஆனதும் அவர் சைக்கிளில் ஏறி, வா அம்மிணி என்று மகளைக் கூப்பிட்டார். அவள் ஏறவில்லை. நடந்தே வருகிறேன் என்றாள். எனவே மூன்று பேருமே நடந்தோம். தடி எங்கே போயிற்று என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் பட்டறைக்குப் போகிற வழியில்தான் பள்ளிக்கூடம். தினமும் அவரோடுதான் சைக்கிளில் போவாள். அன்றுமுதல் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் பின்னாலேயே மெதுவாக மிதித்துக்கொண்டு போவாராம். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாளாம். பார்த்தவர்கள் வந்து என்னிடம் கேட்டார்கள். அடம் பிடிக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் சாப்பிடும்போது அவள் தட்டில் தன் பங்கு முட்டையை வைப்பார். அவள் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவாள்.

யாருக்கும் தெரியாத ஒன்றை நானே கொண்டுபோய் அந்தக் குழந்தை தலையில் போட்டுவிட்டேனே என்று எனக்கு ஒரே உளைச்சல். ஒரு பாம்புக்காகப் பேசப்போய் வீட்டைக் கெடுத்துக்கொண்டேன். பேசாமலே இருந்திருந்தால் அவர் இன்னும் பத்துப் பாம்பை அடித்திருப்பார். அவ்வளவுதான். மகளாவது அவரைக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருப்பாள். இப்படி நினைப்பேன். உடனே வேலியோரம் பார்த்த அவர் முகம் ஞாபகம் வரும். அப்படியே விட்டிருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்றும் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். தேனீ கலைந்தால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள் என்று நானாகவே பேச்சை எடுத்தேன். எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீ ஓடலியேம்மா" என்றாள்.

"என்ற காலு சைக்கிளுக்கடியில மாட்டியிருந்துது கண்ணு."

"மாட்டாம இருந்திருந்தா?"

ஓடியிருக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிடரியில் முதல் கொட்டு விழுந்தபோது கை தானாக எங்கே போனது, குழந்தையிடமா என் கழுத்துக்கா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அவளிடம் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "தெரியல சாமி" என்றேன்.

 "அப்ப நானு என்ன ஆயிருப்பேன்?" என்று கேட்டாள்.

 பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டேன். எழுந்து வெளியே போனாள்.

வாசலில் அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் போய் அவருக்கு எதிரே நின்றாள். அவர் தலை நிமிரவில்லை. டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா ஓடுனீங்க?" என்று கேட்டாள்.

பம்பு அடிப்பதை நிறுத்தினார். என் மாமியார் அந்தப் பக்கம் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்துவிடுமே என்று எனக்குத்தான் பதைப்பு. இவருக்கு அது தோன்றியதாகவே தெரியவில்லை. "பயந்துட்டேன் அம்மிணி" என்றார்.

"ஓடும்போது எங்களை நெனச்சீங்களா?"

"இல்ல. தொட்டித் தண்ணியில உழுந்த பொறகுதான் நெனச்சேன். அப்ப எந்திரிக்கக் காலு வல்ல."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை, அழவும் இல்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் டியூபை எடுத்து வட்டிலில் இருந்த தண்ணீருக்குள் அமுக்கினார். ஒரு கையால் அமுக்கி இன்னொரு கையால் சுற்றிச் சுற்றிப் பார்க்க அவருக்கு வரவில்லை. டியூப் நழுவிக்கொண்டே இருந்தது. மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்து டியூபைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டாள். குமிழி வந்த இடத்தை அவர் விரலால் மூடினார். 

என் மாமியாருக்குக் காதில் விழுந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் சாகும்வரைக்கும், தன் மகன்தான் மருமகளைக் காப்பாற்றினான் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் அந்தக் கதையைப் பிறகு எந்த விசேஷத்திலும் சொல்லவில்லை. யாராவது என் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய்விடுவார். பாம்பு அடிக்கவும் போவதில்லை. வந்து அழைத்தால், கண் சரியாகத் தெரிவதில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவார். வயசாகிவிட்டது, துணிச்சல் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

மகள் பேச ஆரம்பித்தது தைப்பொங்கலுக்கு முன்னால். ஏதோ பள்ளிக்கூட விஷயமாகத்தான். பேனா வேண்டும், மை வேண்டும் என்று. அவர் அன்று மாலையே வாங்கிவந்தார். அப்புறம் சைக்கிளிலும் ஏறினாள், கேரியரில். முன்னால் உட்காரும் வயது போய்விட்டது என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நாளில் எங்கள் ஊருக்கு டவுன் பஸ் வந்தது. பிறகு பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனாள்.

இன்றைக்கு அவள் தன் குடும்பத்தோடு வேறு ஊரில் இருக்கிறாள். வந்தால் அப்பாவுக்குப் பிடித்ததாகப் பார்த்து வாங்கி வருகிறாள். அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது லீவு போட்டு வந்து இருந்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவர் எதையாவது சொன்னால், அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், நிஜம்தானா என்று பார்ப்பதுபோல, ஒரு நொடி அவர் முகத்தைப் பார்க்கிறாள். அதை அவர் கவனித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. அவரிடம் இதைக் கேட்கலாம் என்று நினைத்ததுண்டு. கேட்கவில்லை.